கமிஷன் கேட்காத சுவர்

பிடோக் பேட்டை ராமலிங்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் தேக்கா கடைவீதியில் ஒரு சுவர் ஓட்டைக்குள் போட்ட வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், அவர் கையை வெளியே எடுப்பதற்குள், அறந்தாங்கிக்குப் பக்கத்தில் புளியங்கொல்லை முத்துமாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியிலிருந்து ரூபாய் நோட்டுகளாக உதிர்ந்தது. மரத்தடியில் இட்லிக்கடை போட்டிருந்த பூவம்மா நோட்டுகளைப் பொறுக்கி, சாம்பார் பட்டதை முந்தானையில் துடைத்து, கோயில் கமிட்டித் தலைவரிடம் கொடுத்தாள். அந்த வாரம் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் விலை ஏறியிருந்தது. ஜனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

ராமலிங்கம் ஷென்டன் வேயில் ஓர் அலுவலகத்தில் ஃபைனான்ஸ் மேனேஜர். அடுத்தவர் கோடிகளைச் சிந்தாமல் சிதறாமல் நாடு விட்டு நாடு நகர்த்துவது அவர் வேலை. சொந்தக் காசு என்று வந்துவிட்டால் ஆளே வேறு. வீட்டுக்குக் கீழே இருந்த கடையில் கோப்பிக்குப் பத்துக் காசு கூட்டிவிட்டான் என்று, பஸ் ஏறிப் போய் வேறு கடையில் குடித்துவிட்டு வருவார். பஸ் காசை மனைவி யாமினி சுட்டிக்காட்டியபோது, அது வேறு பட்ஜெட் என்றார். யாமினி தன் அம்மாவுக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால் கட்டிலில் படுத்தபடியே கைப்பேசியைத் தட்டி அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுவாள். அவள் தட்டுகிற ஒவ்வொரு முறையும் ராமலிங்கம் எழுந்து உட்கார்ந்து, கட்டணமாகப் போன காசைக் கணக்குப் போடுவார்.

இப்பேர்ப்பட்டவரை ஊர்க்கோயிலுக்குப் பணம் அனுப்ப வைத்தது பக்தி என்று யாராவது நினைத்தால், அவர்கள் ஊர்க்கோயில் எதையும் பார்த்ததில்லை என்று அர்த்தம். சில வருஷங்களுக்கு முன்பு ராமலிங்கம் அந்தக் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தார். 'சிங்கப்பூர் கோ. ராமலிங்கம் உபயம்' என்று அதில் எழுதச் சொல்லியிருந்தார். பெயிண்டை மிச்சம் பிடிக்க, 'கோ.ரா., சிங்.' என்று எழுதி மாட்டிவிட்டார்கள். கமிட்டியும் அவர் ஊர்தானே. அதற்குப் பக்கத்து டியூப்லைட்டில் குவைத் முத்துராமன் பெயர், ஊர், தகப்பனார் பெயர், வகிக்கும் பதவி எல்லாம் சிவப்பு எழுத்தில் நிறைந்து, விளக்கிலிருந்து வெளிச்சமே வராமல் தொங்கியது. அன்றிலிருந்து ராமலிங்கத்துக்குத் தூக்கம் இல்லை. கோயிலுக்குச் சாலையோரம் கல்லில் ஒரு ஆர்ச் கட்டப்போகிறார்கள், முழுச் செலவையும் ஏற்பவர் பெயர் நெற்றிக்கல்லில் வெட்டப்படும் என்று தகவல் வந்ததும் தலைவருக்குப் போன் போட்டார். "செலவு என்னுது. ஆனா என் வாயால என்ன சொல்றேனோ அதை எழுத்துக் குறையாம வெட்டணும். ஒரு எழுத்து குறைஞ்சாலும் குடுத்த காசு அத்தனையும் திரும்பி வரணும்." தலைவர் அதைக் கமிட்டித் தீர்மானமாகவே போட்டுவிட்டார்.

பணம் அனுப்ப இந்தத் தீவில் வழிக்குப் பஞ்சமில்லை. சில இடங்களில் கட்டணத்தைப் பளிச்சென்று சொல்லிவிட்டு ரேட்டில் சத்தமில்லாமல் கடிப்பார்கள். சில இடங்களில் ரேட்டை நேராகச் சொல்லிவிட்டுக் கட்டணத்தில் கடிப்பார்கள். 'கமிஷன் இல்லை' என்று பலகை மாட்டியவர்கள் பலகைக்கு ஆன செலவையும் சேர்த்துக் கடிப்பார்கள். யார் கடித்தாலும் நாலைந்து வெள்ளிதான். வியாபாரம் தெரிந்தவன் அதைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவான். ராமலிங்கம் போகமாட்டார். சிராங்கூன் சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு கண்ணாடி ஜன்னலிலும் குனிந்து, இன்றைக்கு என்ன ரேட் என்று கேட்டு, முந்தின கடையில் கூடத் தருகிறான் என்று பொய் சொல்லி, வேர்த்து வழிந்து, இளநீர் வாங்கினால் மிச்சம் போய்விடுமே என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு திரிந்தார். அப்படித் திரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், பூமாலைக் கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் உம்மு சல்மாவின் கடைக்குள் நுழைந்தார்.

உம்மு சல்மா இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சில் உள்ளூர் 'லா' ஒட்டிக்கொண்டே வரும். அப்பா துணிக்கடை, தாத்தா தோல் வியாபாரம், பேரம் என்பது அவள் வீட்டில் தாலாட்டு மாதிரி. கடையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பின்சுவரில் தேங்காய் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அவ்வளவுதான்.

"என்னக்கா, கமிஷன் எவ்வளவு?"

"அஞ்சு வெள்ளி."

"மூணு வச்சுக்குங்க."

"மூணு வெள்ளிக்கு என் மூஞ்சியப் பாத்துட்டுப் போகலாம்."

"எதிர்க்கடையில ரெண்டுக்கே அனுப்புறான்."

"அப்ப அங்க போங்க லா. நான் என்ன காலையா புடிச்சு வச்சிருக்கேன்?"

ராமலிங்கம் போகவில்லை. மதியத் தொழுகைக்கு அழைப்பு வரும் வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவளுக்கே வெறுத்துவிட்டது. "சரி, கமிஷனே வேணாம். பணத்தை இந்த ஓட்டையில போடுங்க, எங்க சேரணுமோ அங்கேயே போய் விழும். அன்னைய ரேட்டு சுத்தமாக் கிடைக்கும். ஆனா ஒண்ணு. அங்க பேசுறது உங்களுக்கு இங்க கேக்கும். நீங்க இங்க பேசுறதும் அங்க போகும், லேட்டாத்தான் போகும். காசு லேசு, பேச்சு கனம் லா. காலையில பேசினா அங்க சாயங்காலம் போய்ச் சேரும். அதனால வாயை அடக்கி..." 'கமிஷனே வேணாம்' என்ற இடத்திலேயே ராமலிங்கம் கைப்பேசியை எடுத்து, ஐந்து வெள்ளியைத் தான் ஓய்வு பெறும் வரைக்குமான ஞாயிற்றுக்கிழமைகளால் பெருக்க ஆரம்பித்திருந்தார். மீதி எதுவும் காதில் ஏறவில்லை. "ஆங், சரிக்கா, சரி சரி" என்றார்.

அந்த ஓட்டை தேக்காவுக்குப் புதிதல்ல. கட்டட வேலைப் பையன்களும் கப்பல் பட்டறைப் பையன்களும் எப்போதோ போட்டுப் பார்த்துவிட்டார்கள். பணம் விழுந்ததும் வீட்டில் அப்பா, இந்த மாதம் குறைகிறதே என்று முனகியது காதில் விழ, அஞ்சு வெள்ளி கொடுத்து அந்தப் பேச்சைக் கேட்காமல் இருப்பதே மலிவு என்று வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஓட்டையை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் டாக்டர்களும் மேனேஜர்களும்தான். காத்தோங்கிலிருந்து காரில் வந்து இறங்கும் அந்தோனிப்பிள்ளை என்ற ஓய்வுபெற்ற அதிகாரி, யாழ்ப்பாணத்தில் தன் தங்கை புஷ்பராணி "உந்தக் கஞ்சனுக்கு இப்பதான் எங்கட ஞாபகம் வந்ததோ" என்று சொல்வதைக் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, ஐந்து வெள்ளி மிச்சம் பிடித்த திருப்தியோடு கார் நிறுத்தத்துக்கு எட்டு வெள்ளி கட்டிவிட்டுப் போவார்.

ராமலிங்கம் அவர்களைவிட ஒரு படி மேல். பணத்தைப் போட்டதும் ஓட்டையிலிருந்து பூவம்மாவின் குரல் வரும். "ஏய், கஞ்சன் காசு விழுந்துருச்சு, சாம்பாரை மூடு!" எவ்வளவு என்று தலைவர் கேட்பார். "அவன் மூஞ்சி மாதிரிதான் இருக்கு" என்பாள் பூவம்மா. ராமலிங்கத்துக்கு அது கொசுக்கடி. தானும் ஓட்டையைப் பார்த்து, வேலைவெட்டி இல்லாத கூட்டம், ஓசிக்காசில் சாமி கும்பிடுகிற கூட்டம், அந்தத் தலைவன் மூக்கும் அவனும் என்று மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டு, காசும் மிச்சம் மனசும் லேசு என்று வீடு திரும்புவார். அந்தப் பேச்சு வங்காள விரிகுடா முழுக்க மெல்லத் தவழ்ந்து, சாயங்காலம் தீபாராதனை நேரத்தில் ஒலிபெருக்கியில் போய் இறங்கும். பூசாரி மணியடிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். ஆரம்பத்தில் சிலர் கோபப்பட்டார்கள். பிறகு பாய் கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் வரத் தொடங்கியதில் பூவம்மாவுக்கு ஞாயிறு மாலையில் பணியார வியாபாரம் ஓடியது. "ஆர்ச்சு முடியிற வரைக்கும் எவனும் அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது. வசவு நமக்கு, காசு அம்மனுக்கு" என்று தலைவர் சொல்லிவிட்டார். பேசப்பட்ட மூக்கு அவருடையது என்பதால் அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஆர்ச் எழும்பியது. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கடைசித் தவணை வந்தால் நெற்றிக்கல்லில் பெயரை வெட்டிவிடலாம். அந்த நேரம் பார்த்து ரூபாய் மதிப்பு இறங்க ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கு நாளும் சில பைசா கூடக் கிடைத்தது. ராமலிங்கம் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தார். தலைவர் போன் செய்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்.

"கும்பாபிஷேகம் அடுத்த வாரம்ங்க. அனுப்பித் தொலைங்களேன்" என்றாள் யாமினி.

"இன்னும் கொஞ்சம் ஏறும்டி."

"ஏறி? மொத்தத்துல எவ்வளவு கூடக் கிடைக்கும்?"

ராமலிங்கம் கணக்குப் போட்டார். "ஒரு பிரட்டா சாப்பிடலாம்."

"முட்டை போட்டதா, சாதாவா?"

"சாதா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரூபாய் திடீரென்று வீறாப்பாக எழுந்து நின்றது. அந்த மாதத்திலேயே மோசமான ரேட். இன்றைக்கு அனுப்பப் போவதில்லை, ஊர் நிலவரத்தை மட்டும் கேட்போம் என்று ராமலிங்கம் ஒரு பத்துக் காசை ஓட்டையில் போட்டார். அங்கே சில்லறை விழுகிற சத்தம் கேட்டது. "ஆறு ரூவா விழுந்துருக்கு! பிச்சையா போடுறான்?" என்றாள் பூவம்மா. தலைவரின் குரல் வந்தது. "விடு தாயி. இனிமே அவன் காசு எதுக்கு? மிச்சத்தை நான் கட்டுறேன்னு குவைத் முத்துராமன் சொல்லிட்டான். சாயங்காலம் கல்தச்சன் வர்றான். முத்துராமன் பேரைத்தான் வெட்டப்போறோம்."

ராமலிங்கத்தின் காதுக்குள் மின்சாரம் போய்விட்டு வந்தது. தலைவருக்குப் போன் போட்டார். அவர் மீட்டிங்கில் இருந்தார். மனிதர் ஏடிஎம்முக்கு ஓடி, மொத்தத் தவணையையும் எடுத்து வந்து, ரேட்டைப் பார்க்காமல் வாழ்க்கையில் முதல்முறையாகக் கட்டுக்கட்டாக ஓட்டையில் திணித்தார். பிறகு வாயை அதில் வைத்துச் சந்து அதிரக் கத்தினார்.

"மெதுவா லா. சுவரு உடைஞ்சா யாரு கட்டுறது?" என்றாள் உம்மு சல்மா.

"அங்க இது கேக்குமாக்கா?"

"முதல் நாளே சொன்னேனே. சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்துரும். வாராவாரம் போய்க்கிட்டுத்தானே இருக்கு."

"வாராவாரமா?"

"நீங்க பேசினது எல்லாம்."

ராமலிங்கம் ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். "இன்னிக்குப் பேசினதை மட்டும் திரும்ப எடுக்க முடியுமா?"

"உள்ள போன காசையே எடுக்க முடியாது. பேச்சையா எடுக்கப் போறீங்க?"

அன்று சாயங்காலம் புளியங்கொல்லையில் தீபாராதனை முடிகிற நேரம், கல்தச்சர் உளியைத் தீட்டி நெற்றிக்கல்லுக்கு அளவு எடுத்தபோது ஒலிபெருக்கி வாய் திறந்தது. ஊரே நிமிர்ந்தது. காலையில் முழுத் தவணையும் விழுந்துவிட்டதால் ஆர்ச் யாருடையது என்பதில் கமிட்டிக்குச் சந்தேகம் இல்லை. கல்தச்சருக்கு மட்டும் இருந்தது. "எல்லாத்தையுமாங்க வெட்டணும்?" என்றார். தலைவர் தன் மூக்கைத் தடவிக்கொண்டே தீர்மானத்தை நினைவூட்டினார். "வாயால சொன்னதை எழுத்துக் குறையாம வெட்டணும். குறைஞ்சா மொத்தக் காசையும் திருப்பிக் குடுக்கணும். வெட்டுய்யா."

கும்பாபிஷேகத்தன்று யாமினியின் கைப்பேசிக்குப் படம் வந்தது. கருங்கல்லில், தொலைவிலிருந்து பஸ்ஸில் போகிறவர்களும் படிக்கும்படி வெட்டியிருந்தது. 'ஓசிச்சோத்துப் பயலுகளா, எம்பேரைப் போட உங்களுக்குக் கை வலிக்குதா? சிங்கப்பூர் கோ. ராமலிங்கம் உபயம்னு வெட்டுங்கடா. இன்னும் ஒரு பைசா கேட்டீங்க, செருப்பு பிஞ்சிரும்.' கீழே வருஷமும் மாதமும் போட்டு, ஓரத்தில் ஒரு தாமரைப்பூ. யாமினி சிரிக்க ஆரம்பித்து, மூச்சு வாங்கி, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி சிரித்தாள். ராமலிங்கம் படத்தைப் பெரிதாக்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"முத்துராமன் பேரு எங்கேயாவது தெரியுதா?"

"இல்லைங்க."

"நல்லாப் பாத்தியா?"

"உங்க வசவுக்கே இடம் பத்தலை. அவருக்கு எங்கேருந்து இடம்?"

"அப்பச் சரி" என்றார் ராமலிங்கம். அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

ஊரில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கும்பாபிஷேகம் கண்ட அம்மனும் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை. வெளியூர்ப் பக்தர்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு ஆர்ச்சுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிடுவதால் பிராகாரம் சுத்தமாக இருக்கிறது. தகராறு ஒன்றுதான் பாக்கி. கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டார். மெய்யெழுத்துக்கு மேலே இருக்கிற புள்ளிக்கெல்லாம் காசு தர முடியாது என்றார் ராமலிங்கம். வெறும் எழுத்தை யார் வேண்டுமானாலும் வெட்டலாம், கல் தெறிக்காமல் புள்ளி வைப்பதுதான் வேலை என்றார் கல்தச்சர். கேள்விக்குறிக்குப் பாதிக் கூலி என்பது வரை பேரம் இறங்கியிருக்கிறது.

அந்தக் கூலியையும் ராமலிங்கம் தவணையாகத்தான் அனுப்புகிறார், அதே ஓட்டை வழியாகத்தான். ஆறு மாதமாயிற்று. பணத்தைப் போடும்போது கைக்குட்டையால் வாயை அழுத்திப் பொத்திக்கொள்கிறார். இருந்தாலும் ஓரத்தில் கொஞ்சம் கசிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், வானம் இருட்டினால் கொடியில் காய்கிற துணியை எடுக்கிற மாதிரி, பூவம்மா சாம்பார் அண்டாவை ஒலிபெருக்கிக்கு நேர்கீழே இருந்து தள்ளி வைக்கிறாள். சாயங்காலம் பாய் விரிக்கிறாள்.