பாயை விலக்கியவள் கேட்டது

சமோவாத் தீவில், சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்த தாவிலி, நிழலில் இருந்த குளிர்பானப் பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்தான். துப்புவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. பாட்டிலில் இருந்தது களைக்கொல்லி. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிச் செத்துப்போனான்.

அதை விற்றவர் ஊர்த்தலைவர் சேயூலி. மருந்தை இறக்குமதி செய்ய உரிமம் வாங்கியிருந்தார். சீல் வைத்த கேனில், சமோவ மொழிச் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்பது சட்டம். முழுக் கேன் வாங்க வசதியில்லாதவர்களுக்காக அவர் பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்தார். பூச்சிமருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அதிகாரியான லோசிவாலே கடைக்குச் சீல் வைத்தாள். சேயூலி அவளுக்குத் தாய்மாமன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அம்மா கூப்பிட்டாள். "மாமா மன்னிப்புக் கேக்கப் போறாரு. ஆபீசரா வராத, எங்க வீட்டுப் பொண்ணா வா."

லோசிவாலே போனாள். விடியலில் தாவிலியின் வீட்டு முற்றத்தில் குடும்பமே மண்டியிட்டது. தலைக்கு மேல் மெல்லிய சடங்குப் பாயைப் போர்த்தி மாமா குனிந்திருந்தார்; இழந்தவர்கள் அதை விலக்கினால் மன்னித்ததாக அர்த்தம். அதே பாய்க்கு அடியில் லோசிவாலேயும். கல் விழலாம், கத்தி விழலாம், யாரும் அசையவில்லை. வெயில் ஏறி முதுகைச் சுட்டது.

கடைசியில் யாரோ பாயை விலக்கினார்கள். தாவிலியின் மனைவி அலாவா.

"எழுந்திருங்கய்யா. ஒங்க மேல எங்களுக்குக் கோவமில்ல." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மத்த பாட்டிலெல்லாம் யார் வீட்ல இருக்கு?"

மாமா வாய் திறக்கவில்லை.

திரும்பும் வழியில், வேனில், அவர் குரல் பழையபடி கனத்தது. "அவங்களே மன்னிச்சுட்டாங்க. திங்கக்கிழமை சீல எடுத்துடு."

"முடியாது மாமா. உரிமத்த ரத்து பண்ணச் சொல்லித்தான் எழுதப்போறேன்."

"எங்கூட பாய்க்கடியில உக்காந்தவதானடி நீ?"

"உக்காந்தேன். ஒங்க மருமகளாத்தான் உக்காந்தேன். அந்தப் பொண்ணு கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல, அதையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"பெரிய படிப்புப் படிச்சிட்டா மாமன் கண்ணுக்குத் தெரியமாட்டான்!" என்று அம்மா அழுதாள்.

மறுநாள் காலை லோசிவாலே வீடு வீடாகப் பாட்டில் தேடக் கிளம்பினாள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, தலைவரைக் காட்டிக்கொடுக்கப் பயம். மூன்றாவது வீட்டில் நிற்கும்போது மாமாவின் வேன் வந்து நின்றது. அவர் அவளைப் பார்க்காமல் நேராக உள்ளே போனார்.

"சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருக்கியே, எடு அத."

"ஐயா, காசு குடுத்து வாங்குனது..."

"திருப்பித் தரேன். எடுடா, ஒன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்தபடியே ஆணையிடும் மனிதர் வீட்டுக்கு வீடு படியேறி இறங்கினார். சமையல் கொட்டகை, படகின் அடி, பள்ளிக்கூட ஆசிரியையின் அலமாரி என்று எங்கெங்கோ இருந்து பாட்டில்கள் வந்தன. கையுறை போட்டு வாங்கிப் பெட்டியில் அடுக்கியது லோசிவாலே.

உரிமம் ரத்தானது. அலுவலகக் குழு அதற்கு வாக்கெடுத்தபோது, சொந்தக்காரி என்பதால் அவள் வெளியே நின்றாள். ஆனால் அறிக்கை அவளுடையது. அடுத்த ஆண்டு அந்தக் களைக்கொல்லியையே நாட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவானது.

சேயூலி இப்போது அரிசியும் டின் மீனும் விற்கிறார். தேவாலயத்தில் லோசிவாலே வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார். அலாவாவுக்கு மட்டும், அவள் தலைவர் என்று எழுந்து வழிவிடுமுன் அவரே ஒதுங்கி நிற்பார்.