கரப்பான் பண்டம்

தூத்துக்குடியில் பால்துரையின் கருவாட்டுக் கடையைக் கடக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவர் மகள் தங்கத்தாய் மட்டும் நின்று, ஆசை தீர மூச்சை இழுப்பாள். அந்தப் பிள்ளை கருவாட்டை வாயில் வைத்ததே இல்லை.

கைக்குழந்தையிலேயே அவளுக்குக் கரப்பான். முழங்கை மடிப்பும் கால் மடிப்பும் வெடித்து நீர் கசியும். கருவாடும் கத்தரிக்காயும் கரப்பான் பண்டம், கண்ணில் காட்டாதே என்று ஊரே சொன்னது. போதாததற்கு, அழுக்கினால்தான் அரிப்பு என்று தாய் சீனித்தாய் தினமும் சவுக்காரம் போட்டு, பீர்க்கங்கூட்டால் தோல் சிவக்கத் தேய்த்தாள்.

"எப்பா, ஊருக்கெல்லாம் குடுக்கிய. எனக்கு ஒரு நெத்திலி தரமாட்டியளா?"

"ஏளா, சொறிஞ்சே பாதி தேஞ்சிட்ட. மீதியும் தேயணுமா?"

"தேஞ்சா நானும் நெத்திலியா ஆயிருவேன். கடையில வச்சு வித்துருங்க."

உலகச் சண்டைக் காலத்தில் ஊருக்குப் புதிதாக வந்த டாக்டர் தேவபிரசாதம், தங்கத்தாயின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதல்ல தேய்க்கிறத நிறுத்துங்கம்மா. சவுக்காரம் வேண்டாம். வெதுவெதுன்னு தண்ணி, சட்டுனு குளியல், ஈரம் காயுமுன்ன தேங்காய் எண்ணெய். நகத்த ஒட்ட வெட்டுங்க. அடியோட போயிரும்னு சொல்லமாட்டேன். வரும், போகும். அடக்கி வைக்கலாம்."

"கருவாடு?" என்றார் பால்துரை.

"கொஞ்சம் குடுத்துப் பாருங்க அண்ணாச்சி. அரிப்பு கூடினா நிறுத்துங்க. சும்மா எதுக்குப் பிள்ளைய ஏங்க விடணும்?"

புண் ஆறியது. பிள்ளை சொறியாமல் தூங்கினாள். ஒருநாள் கடைக்கே வந்து கையை நீட்டிக் காட்டினாள்.

"இப்பத் தருவியளா?"

ஆறின தோல் மறுபடி வெடித்துவிட்டால்? பால்துரைக்குத் துணிச்சல் வரவில்லை. "தை பொறக்கட்டும்" என்றார். தை பிறந்ததும், "கோயில் கொடை கழியட்டும்" என்றார்.

கொடைத் திருவிழாவுக்கு முன்னால் ஊருக்குள் காலரா வந்தது. காலையில் கடைவாசலில் நின்றவள் மறுநாள் இல்லை. கிடத்தியிருந்தபோது அவள் கைகளில் ஒரு கீறல்கூட இல்லை.

படையலன்று பால்துரையின் அக்கா சுடலைமாடத்தி, "பிள்ளைக்குப் பிடிச்சத வைங்க" என்றாள். பால்துரை கடைக்குப் போய், இருந்ததில் நல்ல நெத்திலியாகப் பொறுக்கி எடுத்துவந்தார். வறுத்து இலையில் வைத்தார்கள்.

சீனித்தாய் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவளுக்குப் பிடிக்கும்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பால்துரைக்குத் தெரிந்திருக்கவில்லை.