ஐம்பத்தொன்றாவது வார்த்தை

பென்சில் முனையால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்த பத்திரிகைக்காரி, ஐம்பதில் ஒரு கோடு கிழித்தாள். கோட்டுக்குக் கீழே இன்னும் ஏழு வரி இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். திரும்ப எண்ணினால் குறைந்துவிடுமா என்ன, அதே ஐம்பதுதான், அதே இடம்தான். எழுதியிருந்தது அவள் கூடப்பிறந்த தங்கை.

எட்டுப் பக்க வாரப் பத்திரிகை அது. விலை கிடையாது, விளம்பரம் கிடையாது, ஊர்க்காரர்கள் கொடுக்கிற நன்கொடையில் பதினோரு வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வார்டு தேர்தல் வந்தால் நடுப்பக்கம் முழுக்க வேட்பாளர்களுக்கு. எல்லோருக்கும் ஒரே ஐந்து கேள்வி, பதிலுக்கு ஐம்பது வார்த்தை. அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டார்கள். ஐம்பத்தொன்றாவது வார்த்தை யாருடையதானாலும் அச்சேறாது என்று பக்கத்தின் தலையிலேயே போட்டிருக்கும். வீடு தேடி வந்து கும்பிடுகிறவர்களை நம்பாத ஜனம் இந்தப் பக்கத்தை நம்பியது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, பிள்ளைகளைவிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஓட்டுப் போடப் போகிறவர்கள் இருந்தார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சொந்தச் சித்தப்பா வீட்டு ஆக்கிரமிப்பையே படம் போட்டு எழுதிவிட்டு, இரண்டு வருடம் அந்த வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அழைப்பில்லாமல் இருந்தவள்.

தங்கை க்ளினிக்கில் நர்ஸ். வார்டை ஒட்டியிருக்கிற குப்பைக் கிடங்கு தீப்பிடித்துப் புகைகிற நாளெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற குழந்தைகளின் முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பிடித்துப் பிடித்து, ஒருநாள் போதும்டா சாமி என்று வேட்புமனு வாங்கிவிட்டாள். மூன்றாவது கேள்வி அந்தக் கிடங்கைப் பற்றியதுதான். எப்போது மூடுவீர்கள்? ஆறு மாதத்தில் மூடுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றுதான் தங்கை தொடங்கியிருந்தாள். உடனே மூடினால் குப்பை எங்கே போகும், தெருத்தெருவாக எப்படி நிற்கும் என்று விளக்கிவிட்டு, ஆகவே இப்போதைக்குக் கிடங்கு இருக்கத்தான் வேண்டும் என்கிற இடத்தில் ஐம்பது முடிந்தது. கோட்டுக்குக் கீழேதான் விஷயமே இருந்தது. குப்பையைத் தரம் பிரித்து வாங்குவது, மக்கியதை எங்கே கொண்டுபோவது, இரண்டு வருடத்தில் எந்த மாதம் எந்தப் பகுதியை மூடுவது என்று தேதிவாரியாக எழுதியிருந்தாள். அந்தத் தேதிகளுக்காக ஆறு மாதம் நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவள்.

பக்கம் கட்டுகிறவருக்கு ஆபீசில் கத்தரி என்று பெயர். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"இவங்களுக்கும் ஒரு போன் போட்டுரலாமா? சுருக்கிக் குடுப்பாங்க."

"வேணாம்."

"மத்த மூணு பேருக்கும் போட்டோமே."

"அது வேற, இது வேற. அக்காக்காரி கூப்பிட்டுச் சொல்லிக் குடுத்தான்னு நாளைக்கு எவனாவது பேசுவான். வெட்டிப் போடுங்க."

போன் செய்து சொல்வது விதியில் இல்லை, பதினோரு வருடப் பழக்கம். எல்லோருக்கும் செய்வாள். வேட்பாளர்களில் ஒருவரான டைல்ஸ் கடைக்காரர் இதே கேள்விக்குத் தன் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்து நூற்றிருபது வார்த்தை எழுதியிருந்தார். அரை மணிநேரம் போனில் உட்கார்ந்து, எதை விடலாம், எதை முதலில் சொல்லலாம் என்று அவருக்கு வழிகாட்டியதே இவள்தான். ஆறே மாதத்தில் கிடங்குக்குப் பூட்டு என்று நறுக்கென்று முடிந்த பதில் அப்படி வந்ததுதான்.

கத்தரி கோட்டோடு வெட்டினார்.

வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. சனிக்கிழமை காலையிலேயே டைல்ஸ் கடைக்காரரின் ஆட்கள் நடுப்பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, தங்கையின் கடைசி வரியில் சிவப்பு வட்டம் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். நாங்க சொல்லலம்மா, உங்க பத்திரிகையே போட்டிருக்கு பாருங்க என்றார்கள். அது பொய்யும் இல்லை. விளக்கம் போட அடுத்த வெள்ளி வரவேண்டும், ஓட்டுப்பதிவோ மறுநாள் ஞாயிறு. முப்பத்தெட்டு ஓட்டில் தங்கை தோற்றாள்.

எண்ணி முடித்த மறுநாள் தங்கை ஆபீசுக்கு வந்தாள். டியூட்டி உடுப்பிலேயே இருந்தாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"மத்தவங்களுக்கெல்லாம் போன் பண்ணி, நீளமா இருக்கு, சுருக்கிக் குடுங்கன்னு சொன்னியாமே. என்கூட நின்னு தோத்துப்போன ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், ஆறுதல் சொல்ல வந்தவரு சொல்றாரு."

"பண்ணினேன்."

"எனக்கு?"

"நீ என் தங்கச்சிடி. உனக்குப் பண்ணியிருந்தா ஊரு என்ன பேசும்?"

"உன் தங்கச்சியா பொறக்காம இருந்திருந்தா எனக்கும் அந்த போன் வந்திருக்கும். அவ்வளவுதானே?"

நியாயமாக நடக்கிறேன் என்று காட்டிக்கொள்வதற்காக அநியாயம் செய்திருக்கிறோம் என்பது அந்த நிமிடம்தான் பத்திரிகைக்காரிக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"நீளமா எழுதினது என் தப்புதான். தோத்தது போகட்டும்க்கா," என்றாள் தங்கை. "இன்னைக்குக் காலைல ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிட்டு வந்துச்சு. பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. என்னைப் பாத்துட்டு, கிடங்கு இருக்கட்டும்னு சொன்னவங்கதானே நீங்கன்னு கேட்டுட்டு, பிள்ளையை வேற நர்ஸ்கிட்ட குடுத்துருச்சு."

சொல்லிவிட்டு நாற்காலியை இருந்த இடத்திலேயே தள்ளிவைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் புதிய கவுன்சிலரான டைல்ஸ் கடைக்காரரிடமிருந்து வாசகர் கடிதம் வந்தது. நடுநிலை தவறாமல் வாக்காளர்களுக்கு வழிகாட்டிய பத்திரிகைக்கு நன்றி என்று எழுதியிருந்தார். நாற்பத்தாறு வார்த்தை. வெட்டுவதற்குச் சாக்கு இல்லை, போட்டார்கள். தங்கையின் பதிலை முழுதாக, நடந்ததைச் சொல்லி, அதே பக்கத்தில் பத்திரிகைக்காரி வெளியிட்டாள். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேர்தல் முடிந்த பிறகு அதை யார் படிக்கிறார்கள்?

இரண்டு தெருவுக்கு இதழ் போடுவது எட்டு வருடமாகத் தங்கையின் வேலை, சம்பளமில்லாத வேலை. வேட்பாளரானதும் விலகியிருந்தாள். இனி வர மாட்டாள், வேறு ஆள் பார்க்க வேண்டும் என்றுதான் பத்திரிகைக்காரி நினைத்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை காலை, தங்கை இதழ்க் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டதாகக் கத்தரி போனில் சொன்னார். பத்திரிகைக்காரி அவசரமாக அடுப்பில் பாலை வைத்தாள். அக்கா வீடு வந்ததும் கட்டை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து, ஒரு காபி குடித்து, அந்த வாரத் தலைப்புகளைக் கேலி செய்துவிட்டுப் போவதுதான் தங்கையின் வழக்கம்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. பத்திரிகைக்காரி கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கைவைத்தாள். கீழே கதவிடுக்கு வழியாக மடித்த இதழ் பாதி நுழைந்து, கால்மிதியில் இடித்து நின்றது. வெளியிலிருந்து ஒரு விரல் அதை மிச்சத்துக்கும் தள்ளிவிட்டது. பிறகு எதிர்வீட்டுக் கதவுக்கடியில் அடுத்த இதழ் போகிற சத்தம், அதற்கடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.