ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

டாக்டர் எழுதிக்கொடுத்த குடல் பரிசோதனைக்கு மூன்று வருஷமாக டிமிக்கி கொடுத்துவந்தார் பஸ் டிரைவர். அவருடைய மனைவி தையல்காரி. எலும்புத் தேய்மானத்துக்கு ஞாயிறுதோறும் ஒரு மாத்திரை விழுங்குவாள். அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்பதால், துணி வெட்டும் மேசையைச் சுற்றி நடப்பாள். அந்த மாத்திரை குடல் புற்றுநோயையும் தடுக்கலாம் என்று எங்கோ படித்த டிரைவர், அவளுக்குத் தெரியாமல் ஒன்றை விழுங்கிவிட்டு இழுத்துப் போர்த்திப் படுத்தார். நெஞ்சு திகுதிகுவென்று எரிந்ததில் குட்டு வெளிப்பட்டது.

அவள் அவரை இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். "புற்றுநோயை அது தடுக்கும்னு இன்னும் உறுதியாகலங்க. பரிசோதனை பண்ணித்தான் பாக்கணும்."

தையல்காரி கையோடு தேதி வாங்கினாள். குடலில் ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது.

அடுத்த ஞாயிறு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு டப்பாவைப் பூட்டினாள். "திருட்டுக்குத் தண்டனை. நீங்களும் நடங்க."

டிரைவர் நடந்தார். மேசையின் ஒவ்வொரு திருப்பத்திலும் வாயாலேயே ஹாரன் அடித்தார். அவளுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

"அரை மணி ஆச்சு. போய் உக்காருங்க."

டிரைவர் கடிகாரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கடைசி ஸ்டாப் இன்னும் வரல. அதுக்குள்ள இறங்கிடாத."