நூற்றுப் பன்னிரண்டு கிணறுகள்

எங்கள் கட்டடத்தில் நாலு தமிழ்க் குடும்பங்களும் ஒன்பது தனி ஆண்களும் இருந்தோம். தொலைபேசி இருந்தது என் வீட்டில் மட்டும். ஆகையால் சூரிச்சில், லாங்ஸ்ட்ராஸவின் அந்தப் பக்கத்துத் தெருவில் யாருக்கு வேலை கிடைத்தது, யாருடைய மனு தள்ளுபடியானது, யாருக்கு ஊரில் பெண் பார்த்துவிட்டார்கள் என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். சிவமலர் ஒட்டுக் கேட்கிறாள் என்று மூன்றாம் மாடிப் பரமேஸ்வரி சொல்லித் திரிகிறாள். தொலைபேசி சமையலறைச் சுவரில் இருக்கிறது. நான் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

குலேந்திரன் எங்களுக்கு மேல் மாடிக்காரன். இருபத்தொன்பது வயது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளனாக இருந்துவிட்டு, எண்பத்தைந்தில் சூரிச்சுக்கு வந்து, இங்கேயும் பல்கலைக்கழகத்தில்தான் சேர்ந்தான், சாப்பாட்டுச்சாலையில் தட்டுக் கழுவ. மற்றவர்கள் நாடு விட்டு நாடு வரும்போது தாயின் சங்கிலியையோ சாமிப் படத்தையோ கொண்டுவந்தார்கள். இவன் ஒரு தடித்த கொப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்தான். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி முழுக்க இரண்டு வருஷம் சைக்கிளில் திரிந்து, கிணற்றுத் தண்ணீரில் உப்பு எந்த மாதம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து எழுதிய கொப்பி. "இதை வச்சு என்ன தம்பி செய்யிறது?" என்று ஒருநாள் கேட்டேன். "வச்சிருக்கிறதுதான் அக்கா" என்றான்.

பல்கலைக்கழகத்தில் எகென்பெர்கர் என்றொரு பேராசிரியர். சுண்ணாம்புப் பாறைக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதே அந்த மனிதருடைய சீவியம். அவர் அறைக்கு வெளியே யூரா மலையின் ஊற்றுகளைக் காட்டும் பெரிய படம் ஒன்று தொங்கியது. வேலை முடிந்ததும் குலேந்திரன் தினமும் அதன் முன்னால் போய் நிற்பான். யாழ்ப்பாணமும் சுண்ணாம்புப் பாறைதானே. ஒருநாள் பேராசிரியர் கதவைத் திறந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இது உங்களுக்கு விளங்குகிறதா?"

"ஏதோ கொஞ்சம், சேர்."

எங்கள் ஆட்களில் ஒருவன் 'ஏதோ கொஞ்சம்' என்றால், இவன் கரைத்துக் குடித்தவன் என்று கேட்கிறவர் விளங்கிக்கொள்வார். சுவிஸ்காரர் கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான் என்று எடுத்துக்கொள்கிறவர். உள்ளே போய், முதலாம் வருஷப் பிள்ளைகளின் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்து, அவர்களுடைய வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்கலாம் என்று அனுமதியும் கொடுத்தார். ஊரில் தான் படிப்பித்த பாடத்தை இவன் நாலு மாதம் குறிப்பெடுத்துப் படித்தான்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமெல்லோ?" என்றேன்.

"என்னெண்டக்கா நானே என்னைப் பற்றிச் சொல்லுறது? வெக்கமில்லையோ?"

வகுப்புச் சோதனையில் ஒரு பிழையும் விடாத பிறகுதான் பேராசிரியருக்குச் சந்தேகம் வந்து, பெரியவர்களுடைய கருத்தரங்குக்கு மாற்றினார். மெச்சவில்லை. புதிய அறையின் இலக்கத்தை மட்டும் சொன்னார்.

எண்பத்தாறு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஹால்வர்சன் என்ற பேராசிரியர் ஒரு வருஷ விருந்தாளியாக அங்கே வந்து சேர்ந்தார். தன்னைக் 'கேரி' என்று கூப்பிடச் சொன்னார். குலேந்திரனுக்கு நா எழவில்லை. ஒரு வாரம் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்துவிட்டு, பிறகு 'கேரி சேர்' என்றான். அந்த மனிதர் தட்டுக் கழுவும் இடத்துக்கே வந்து, மேசையில் ஏறியிருந்து, "உன்னுடைய கதை என்ன?" என்று கேட்டிருக்கிறார். எகென்பெர்கர் ஒரு வருஷமாகக் கேட்காத கேள்வி. அடுத்த நாள் கொப்பி வெளியே வந்தது. கொப்பியைப் புரட்டிய கேரி குதித்தாராம். தன்னுடைய பல்கலைக்கழகத்துக்கு முனைவர் படிப்புக்கு விண்ணப்பி, விண்ணப்பம் ஜனவரி பதினைந்துக்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டும் என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் குலேந்திரனுடைய அகதி மனு தள்ளுபடியாகியிருந்தது. மேன்முறையீடு போட்டிருந்தான். அதுவும் போனால் கொழும்புக்கு விமானம் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு என்ன என்று எங்கள் கட்டடத்தில் ஒருவரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. இந்த அமெரிக்கா சரிவராவிட்டால் அவனுக்கு வேறு வழி இல்லை. இது தொலைபேசி வழியாக எனக்குத் தெரிந்தது. அவன் சொல்லவில்லை.

மார்கழி முதல் ஞாயிறு கேரியை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தான். வாசலில் கழற்றாமல் சப்பாத்தோடு உள்ளே வந்தார். என்னைச் 'சிவா' என்றார். தண்ணீர் வேண்டும் என்று தானே எழும்பிப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார்; உள்ளே நேற்றைய மீன்குழம்பு இருந்த சட்டியைப் பார்த்து "வாவ்" என்றார். என் கணவர் அரசரத்தினம் முப்பது வருஷமாக என் குழம்பைப் பார்த்து எழுப்பாத சத்தம் அது. ஆளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாப்பிட்ட பிறகு இரண்டு கடிதங்களை மேசையில் வைத்துத் தலையில் கை வைத்தார். குலேந்திரன் எனக்கு மொழிபெயர்த்தான்.

முதலாவது எகென்பெர்கர் எழுதிய பரிந்துரை. "திரு. குலேந்திரன் என் கருத்தரங்குக்கு ஒழுங்காகவும் நேரத்துக்கும் வருகிறார். அவருடைய கேள்விகள் பொருத்தமானவை. அவரைப் பற்றி எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை."

"நல்ல கடிதந்தானே" என்றார் அரசரத்தினம்.

"ஆட்சேபணை இல்லையாம்!" என்றார் கேரி. "எங்கள் குழு இதைப் படித்தால், இந்த ஆள் சிறையிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறார் என்று நினைக்கும். நானும் அந்தக் குழுவில் இருப்பதால் நான் கடிதம் கொடுக்க முடியாது."

இரண்டாவது, ஊரிலிருந்து குலேந்திரனுடைய பழைய பேராசிரியர் அனுப்பியது. நல்ல குடும்பத்துப் பிள்ளை, அடக்கமானவன், இரண்டு வருஷத்தில் ஒருநாளும் என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை என்று உருகி உருகி எழுதியிருந்தார்.

"இது அதைவிட மோசம்" என்றார் கேரி. "இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தன் பேராசிரியரோடு முரண்படாதவரை நாங்கள் எதற்கு எடுக்க வேண்டும்?"

குலேந்திரன் இதை மொழிபெயர்த்ததும் அரசரத்தினம் சொன்னார்: "அப்ப என்ர மனுசியை எடுக்கச் சொல்லும்."

மிச்சம் இருந்தது குலேந்திரன் தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டிய இரண்டு பக்கம். அதை அவன் எழுதியும் இருந்தான். 'என் ஆசிரியர்களின் தயவால் நான் அறிந்த சிறு விஷயங்களை' என்று தொடங்கியது. கேரி அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "உலகத்தில் நீ மட்டுமே செய்தது என்ன? அதை எழுது. உன்னை விற்று எழுது" என்று சொல்லி, இரண்டு தரம் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

"என்னையே விக்கட்டாம் அக்கா. நானென்ன கத்தரிக்காயோ?" என்றான் குலேந்திரன்.

ரெனானில் இரண்டு, வின்டர்தூரில் மூன்று என்று அந்த இரண்டு வருஷத்தில் ஐந்து கலியாணம் பேசி முடித்தவள் நான். உணவகத்தில் வெங்காயம் உரிக்கிறவனை 'உணவுத் துறையில் பொறுப்பான பதவி' என்று சொல்லிச் சீதனத்தோடு கட்டிவைத்திருக்கிறேன். அந்தப் பெண் இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். தன்னைத் தானே புகழ எங்கள் சாதி மனிசருக்கு வராது, மெய்தான். அதற்குத்தானே இன்னொருத்தி வேண்டும். அமெரிக்காவில் பாவம், மாப்பிள்ளையே தன் கலியாணத்தைப் பேச வேண்டியிருக்கிறது.

"தம்பி, பேனையை எடும். நான் சொல்லுறன், நீர் இங்கிலீசில போடும்" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் உப்பு ஏறுவதை மாதம் மாதமாக அளந்தவன் இவன் ஒருவன்தான் என்றேன். அது உண்மை. சைக்கிள் சில்லுக்குக் காற்றுப் போனபோது நடந்து போயும் அளந்தான் என்றேன். அதுவும் உண்மை. ராணுவம் மறித்துக் கேட்டபோதும் போத்தல்களை விடவில்லை. எழுத எழுத அவன் காது சிவந்தது.

"மொத்தம் எத்தினை கிணறு?"

"நூற்றுப் பன்னிரண்டு."

"அது என்ன இலக்கம், பஸ் நம்பர் மாதிரி? முந்நூறு எண்டு போடும்."

பேனை நின்றது. "அக்கா, பொய்."

"பொய்யில்லையப்பா. பக்கத்துக் கிணத்திலயும் அதே தண்ணிதானே ஓடுது? நீர்தானே சொன்னனீர், கீழால எல்லாம் ஒண்டு எண்டு. போடும்."

தள்ளுபடிக் கடிதம் வந்த நாளிலிருந்து அவனுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. போட்டான்.

கேரி அதைப் படித்துவிட்டு, "இதுதான் நீ!" என்று கத்தினாராம். "நானில்லையக்கா அது" என்று வந்து சொன்னான். கேரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடிதத்தை இதற்கு ஏற்றமாதிரி மாற்றி எழுதுங்கள் என்று, அந்த இரண்டு பக்கத்தையும் நேரே எகென்பெர்கரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

எகென்பெர்கர் மறுப்பும் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. கொப்பியைக் கேட்டு வாங்கினார். பத்து நாள் கழித்து, நத்தார் பண்டிகைக்கு ஒரு கிழமை இருக்க, குலேந்திரனைக் கூப்பிட்டார்.

"நான் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது. மிச்சம் நூற்றெண்பத்தெட்டுக் கிணறு எங்கே?"

குலேந்திரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குரு கேள்வி கேட்கும்போது விளக்கம் சொல்வது வாய்காட்டுவது. பேசாமல் நிற்பதுதான் மரியாதை என்று வளர்க்கப்பட்டவன். எகென்பெர்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஒரு நிமிஷம் காத்திருந்தாராம். பதில் இல்லை என்றால் பதில் இல்லை. முன்பு கொடுத்த கடிதத்தையும் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

அவன் வந்து படுத்தவன்தான். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பரமேஸ்வரி படியில் நின்று, "ஆரோ எழுதிக் குடுத்த பொய்யாமே?" என்று மேலே பார்த்துக் கேட்டாள். இந்தக் கட்டடத்தில் விஷயம் எப்படித்தான் பரவுகிறதோ தெரியவில்லை.

அடுத்த நாள் காலை உளுந்துவடை சுட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு, ட்ராம் ஏறி எகென்பெர்கரிடம் போனேன். அறையில் புத்தகங்கள்கூட உயரவாரியாகத்தான் நின்றன. என்னுடைய ஜெர்மன் அலுவலகம் துடைக்கும் ஜெர்மன்: தரை, வாளி, இன்றைக்கு, நாளைக்கு. அதையும் பள்ளிக்கூட ஆங்கிலத்தையும் சேர்த்துப் பிசைந்து, நின்ற நிலையில் சொன்னேன்.

"ஹெர் ப்ரொஃபசர், நூற்றுப் பன்னிரண்டு கிணறு அவருடையது. நூற்றெண்பத்தெட்டுக் கிணறு என்னுடையது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களும் அளந்தீர்களா?"

"இல்லை. நான் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். நான்தான் போடும் என்றேன்."

"ஏன்?"

கலியாணம் பேசும் விதத்தை அவருக்கு விளங்கப்படுத்தினேன். வெங்காய மாப்பிள்ளையையும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு, "தன்னையே புகழ்ந்து எழுதும்படி அவருக்குச் சொன்னது ஹால்வர்சன்தானா?" என்றார். ஓம் என்றேன். "நான் கேட்டபோது திரு. குலேந்திரன் ஏன் இதைச் சொல்லவில்லை?"

"உங்களுக்கு மரியாதை, ஹெர் ப்ரொஃபசர்."

"மரியாதை" என்று அந்தச் சொல்லையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "ஒருவர் புகழச் சொல்கிறார், ஒருவர் கூட்டிச் சொல்கிறார், ஒருவர் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு உங்களில் ஒருவரும் தேவையில்லை. கொப்பி போதும்." வடையில் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு தாளில் வைத்தார், டப்பாவை மூடி என்னிடம் தந்தார். சாப்பாட்டு நேரம் ஆகவில்லையாம்.

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள் புதுக் கடிதம் வந்தது. அதுவும் நாலு வரிதான். "திரு. குலேந்திரன் நூற்றுப் பன்னிரண்டு கிணறுகளை இருபத்துமூன்று மாதங்கள் அளந்துள்ளார். அவற்றில் நாற்பது கிணறுகளின் கணக்கை நான் திரும்பச் செய்து பார்த்தேன். ஒரு பிழை கண்டேன். அது என்னுடையது."

கேரி இதை இரண்டு தரம் படித்தார். அவர் வாயிலிருந்து 'வாவ்' வரவில்லை. கதிரையில் இருந்தார். இருபது வருஷத்தில் ஆயிரக்கணக்கான பரிந்துரைகள் படித்திருக்கிறேன், அத்தனை பேரும் உலகத்தில் சிறந்தவர்கள், ஒருவருடைய கணக்கையும் ஒருவரும் செய்து பார்த்ததில்லை என்றாராம். எனக்கும் இப்படி ஒன்று எழுதித் தருவாரா என்று கேட்டாராம். குலேந்திரன் தன்னுடைய பக்கங்களில் முந்நூறை வெட்டி நூற்றுப் பன்னிரண்டு என்று போட்டான். சைக்கிளும் போத்தலும் அப்படியே இருக்கட்டும் என்று நான் சொன்னேன், இருந்தன. பொதி அவசரத் தபாலில் போனது.

பங்குனி நடுவில் என் சமையலறையில் தொலைபேசி அடித்தது. விடுமுறைக்கு அமெரிக்காவுக்குப் போயிருந்த கேரி அங்கிருந்து கத்தினார்: "சிவா! குலனைக் கூப்பிடு!" நான் மேலே பார்த்துக் கூப்பிட்ட சத்தத்தில் பரமேஸ்வரி முதலில் வந்துவிட்டாள். குலேந்திரன் ஓடிவந்து, காதில் வைத்து, "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று பதினொரு தரம் சொன்னான். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி?"

"எடுத்திட்டினமாம். படிப்பிக்கிற வேலையும் தருவினமாம்" என்றான். பிறகுதான் அழுதான்.

வைகாசியில் மேன்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக் கடவுச்சீட்டை வாங்க, வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. துணைக்கு நானும் போனேன்; போகாமல் எப்படி? கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர் கோவையை விரித்து, தானாக நாட்டைவிட்டுப் போவதற்குக் காரணம் என்ன என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் குலேந்திரன் சொல்லத் தொடங்கிவிட்டான். தலை நிமிர்ந்தபடி, சிரமமில்லாத ஜெர்மனில்.

"அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் என்னை அழைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நூற்றுப் பன்னிரண்டு கிணறுகளின் உப்பை மாதம் மாதமாக அளந்தவன் நான் ஒருவன்தான்."

அலுவலர் அதை அப்படியே எழுதினார். நூற்றைம்பது என்றாவது சொல்லியிருக்கலாம், இந்த ஆள் எங்கே எண்ணப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு, இந்த நாட்டில் அதையும் நம்ப முடியாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.