நிலமாக உட்கார்ந்த சலூன்காரர்

சலூன்காரருக்கு நேரம் சரியில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. அவருடைய ஆட்டை ஊரைவிட்டு அனுப்புவதா வேண்டாமா என்று கூட்டம் கூடிய அன்றைக்குத்தான், நிலமாக உட்காரும் முறையும் அவருக்கு வந்து தொலைத்தது.

விஷயம் இதுதான். ஊருக்கு மேலே இருக்கும் மலைச்சரிவு அவருடைய ஆட்களின் முன்னோர் காலத்து நிலம். நடுவில் யாரோ வந்து கல் வெட்டி, குடைந்து, கறக்கிற மட்டும் கறந்துவிட்டுக் கைகழுவிப் போனார்கள். மொட்டைச் சரிவு திரும்பக் கைக்கு வந்தபோது, ஒவ்வொரு மழைக்கும் சேறு இறங்கி, கீழ்த்தெரு வீடுகளில் அழையா விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டிருந்தது. அதனால் சரிவை மீட்கும் வேலையில் கீழ்த்தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். செய்முறை பழையது. சரிவுக்குக் குறுக்கே கல் வரிசை, கல்லை ஒட்டிப் புல், புல் பிடித்தால் புதர், புதரின் நிழலில்தான் மரக்கன்று. முடிவெடுக்கும் முறையும் அந்த முன்னோருடையதுதான். எல்லாரும் சரி என்றால்தான் சரி. ஒரே ஒருவர் முடியாது என்றாலும் முடியாது.

இதற்கு மேல் ஒரு கல் வேறு. கூட்ட அறையின் நடுவில் தட்டையாகக் கிடக்கும். முறைவைத்து ஒருவர் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிலமாகப் பேச வேண்டும். கல்லில் இருக்கும்வரை சொந்தக் கதை பேசக் கூடாது. எழுந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் புலம்பிக்கொள்ளலாம்.

மகாராணி என்ற அந்த ஆடு தாயில்லாக் குட்டியாக வந்து பால்புட்டியில் வளர்ந்தது. மனைவி இறந்த பிறகு சலூன்காரருக்கு வீட்டில் அதைவிட்டால் வேறு துணை இல்லை. செல்லம் கொடுத்தே கெடுத்துவிட்டார். கயிற்றால் கட்டினால் கயிற்றைத் தின்றது. கதவைச் சாத்தினால் முட்டித் திறந்தது. கடைசியில் சரிவில் ஏறி, முதன்முதலாக நட்ட மரக்கன்றுகளைக் காலைப் பலகாரமாக முடித்துவிட்டு வந்து ஏப்பம் விட்டது. அந்தக் கன்றுகளை விதையிலிருந்து வளர்த்தவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. புகார் கொடுத்ததும் அவள்தான்.

சலூன்காரர் கல்லில் அமர்ந்து தொண்டையைச் செருமினார்.

“நான் நிலம் பேசறேன். எனக்கு அந்த ஆட்ட ரொம்பப் பிடிச்சிருக்கு. அது மேல நடந்தா முதுகு பிடிச்சுவிட்ட மாதிரி இருக்கு.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

“அப்படியா நிலமே? அப்ப எல்லாரோட ஆடும் வந்து முதுகு பிடிக்கலாமா?”

சரிவுக்காக ஊரில் எல்லாரும் ஆடுமாடுகளை வெளியே அனுப்பியிருந்தார்கள். லாரிக்காரர் உடனே நிமிர்ந்தார். “என் தம்பி வீட்ல விட்டதெல்லாம் நாளைக்கே ஏத்திட்டு வந்துடறேன்.”

“என் எருமையையும் சேத்துக்கங்க,” என்றாள் மளிகைக்கடை அக்கா. “அது இன்னும் நல்லா அழுத்தும்.”

“ஐயோ, மத்ததெல்லாம் வேணாம்! மகாராணி மட்டும் போதும்.”

“நிலத்துக்கு ஆட்டோட பேரெல்லாம் எப்படித் தெரியும்?” என்றாள் தங்கை.

சலூன்காரர் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சன்னலுக்கு வெளியே பார்த்தார். சரிவு தெரிந்தது. அங்கே இருந்த கற்களில் எத்தனையோ அவர் தோளில் ஏறிப் போனவை. மொட்டைக் குச்சிகளாக நின்ற கன்றுகளுக்குக் கீழே, குளம்பு பட்டுக் கல் சரிந்த இடத்தில், மழைத் தண்ணீர் புதிதாக ஒரு வாய்க்கால் அறுத்திருந்தது. அது நேராகக் கீழ்த்தெருவைப் பார்த்து இறங்கியது. அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“வலிக்குது,” என்றார். “இப்பதான் கொஞ்சம் தோல் மூடிச்சு. அது வந்து உரிக்குது. அந்த ஆடு எனக்கு வேணாம்.”

ஆனால் அவருக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. எழுந்து மனிதனாகி, முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் மகாராணி தப்பித்துவிடும். எழப் பார்த்தார். கால் மரத்துப்போயிருந்தது.

“யாராவது தூக்கிவிடுங்களேன்!”

லாரிக்காரர் கை நீட்டினார். மளிகைக்கடை அக்கா தடுத்தாள். “இருங்க. இப்பக் கேக்கறது நிலமா, சலூன்காரரா?”

“நிலம்னா, நிலத்தைத் தூக்கறதுக்கு எல்லாரும் சம்மதிக்கணுமே!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“சலூன்காரர்னா, கல்லுல உக்காந்து சொந்த விஷயம் பேசறாரு. தப்பாச்சே!” என்றது இன்னொரு குரல்.

இதை அலச டீ வரவழைத்தார்கள். நிலத்துக்கு ஒரு டம்ளர் கொடுக்கலாமா என்பது தனி விவாதமாயிற்று. சர்க்கரை போடலாமா என்று வந்தபோது தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று வந்து அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

“எங்க அண்ணன நான் தூக்கறேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

யாருக்கும் இல்லை.

“இப்ப நீங்களா சொல்லுங்க,” என்றார் லாரிக்காரர். “ஆட்ட அனுப்பச் சம்மதமா?”

சலூன்காரர் தங்கையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். முடியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

“அனுப்பிடுங்க,” என்றார். மூக்கை உறிஞ்சினார். “ஆனா வீட்டுக்குள்ள நுழைஞ்சா, என்னப் பாத்துக் கத்தறதுக்கு ஒரு ஜீவன் வேணாமா?”

தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

“அதுக்கு எதுக்குண்ணே ஆடு? நான் தினமும் வந்து கத்தறேன். வீட்ட என்ன கோலத்துல வெச்சிருக்க? ஊருக்கெல்லாம் முடி வெட்டறியே, உன் தலைய என்னிக்காவது கண்ணாடில பாத்தியா? இந்தச் சட்டையத் தோய்ச்சு எத்தனை நாளாச்சு?”

சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார் லாரிக்காரர். எல்லாக் கைகளும் எழுந்தன. தங்கை ஒரு கையைத் தூக்கிக்கொண்டே இன்னமும் திட்டிக்கொண்டிருந்தாள். சலூன்காரர் அந்தச் சட்டை நுனியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிம்மா, சரிம்மா,” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.