பண்ணையார் விட்டாரா?

இஸ்ரவேல் கேஸை ஜெயித்தான் என்றுதான் ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். நான் வக்கீல் டைட்டஸின் குமாஸ்தா. அந்தக் கேஸை முதலிலிருந்து கூடவே இருந்து பார்த்தவன். ஜெயித்த பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுசீந்திரம் பக்கத்தில் பகவதியப்பனின் பண்ணையில் இஸ்ரவேல் ஆள். அவன் அப்பனும் அங்கேதான், தாத்தாவும் அங்கேதான். வயல் கைமாறியபோது உழவு மாடுகளோடு சேர்ந்து கைமாறிய குடும்பம். அடிமைத்தனம் ஒழிந்து நூறு வருஷம் ஆகப்போகிறது என்று சர்க்கார் சொல்லும். சர்க்கார் வயலில் இறங்கிப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் பொறுத்தவன், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ஓமனாவை மாட்டுத் தொழுத்தில் சாணி அள்ள அனுப்பு என்று பண்ணையார் சொன்னதும் எங்களிடம் வந்து நின்றான்.

"எனக்கு என்ன வேணும்னாலும் ஆகட்டும் ஏமானே. பிள்ளை அந்தத் தொழுத்துல கேறப்பிடாது."

டைட்டஸ் வக்கீலுக்கு அப்போது இளரத்தம். புது அரசியல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு, இவனையும் மகளையும் பண்ணையார் பிடித்துவைக்கக் கூடாது என்று கேஸ் போட்டார். பண்ணையார் மல்லுக்கு நிற்பார் என்று பார்த்தால், மனுஷன் கூண்டில் ஏறிச் சிரித்தார்.

"அடிமையா? எம் பண்ணையிலயா? இவனை நான் எப்பம் கெட்டி வச்சேன்? இண்ணைக்கே போகட்டும், எங்க வேணும்னாலும் போகட்டும்."

முன்சீப் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இவன் ஏற்கெனவே சுதந்திர மனுஷன், தடுக்காதவருக்குத் தடை உத்தரவு எதற்கு என்று கேஸை முடித்துவிட்டார். வெளியே வந்ததும் வக்கீல் எங்களுக்குக் காப்பி வாங்கித் தந்தார். இஸ்ரவேல் அழுதான், சந்தோஷத்தில்தான்.

அன்றைக்கே பண்ணையார் அவன் குடிசையைப் பிரித்துப் போட்டார். சுதந்திர மனுஷனுக்கு அவர் ஏன் மண் கொடுக்க வேண்டும்! இஸ்ரவேல் பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அஞ்சுகிராமம் போனான். அறுப்புக் காலம், அங்கே வயல்காரர்கள் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு பண்ணையாளை இன்னொருவர் வேலைக்கு வைக்க வேண்டுமானால், பழைய பண்ணையார் 'விட்டேன்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இது எங்கள் வக்கீல் படித்த எந்தச் சட்டத்திலும் இல்லை. இஸ்ரவேலுக்கு இந்த வழக்கம் தெரியும். கோர்ட் சொல்லிவிட்டால் அதுக்கு மேலே பண்ணையார் எதற்கு என்று நம்பிவிட்டான், பாவி.

போன இடமெல்லாம் ஒரே கேள்வி. "பண்ணையார் விட்டாரா?" தீர்ப்பைச் சொன்னால், "கோர்ட்டு விட்டது கெடக்கட்டும். அவரு விட்டாரா?"

பட்டினியில் மூன்று பேரும் ஒட்டி உலர்ந்து திரும்பி வந்தார்கள். பார்க்கச் சகிக்காமல் நானே அவர்களைக் கூட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனேன். பண்ணையார் களத்தில் நின்று நெல் தூற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டேன்னு ஒரு வாக்குச் சொல்லுங்க, போதும்" என்றேன்.

"நான் இவனை வச்சிருக்கவே இல்லைன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணியாச்சுல்லா. கெட்டாத மாட்டை எப்பிடிவே அவுத்து விட? இப்பம் விட்டேன்னு சொன்னா அண்ணைக்குச் சொன்னது பொய்யாயிராதா? கோர்ட்டு மேல எனக்கு மரியாதை உண்டு, பாத்துக்கிடும்."

அந்த ஆளை அந்த நெல்லிலேயே போட்டு மிதிக்க வேண்டும் போல இருந்தது. இஸ்ரவேல் என்னைப் பார்க்கவேயில்லை. ஓமனாவின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பிள்ளை தொழுத்துல நிக்கட்டும் ஏமானே."

"நான் கூப்பிட்டேனாலே?"

"இல்ல ஏமானே."

"அப்பம் எல்லாரும் கேக்கச் சொல்லு. பொறவு எவனும் கோர்ட்டுக்குப் போகப்பிடாது பாரு."

களத்தில் நின்றவர்கள் கைவேலையை நிறுத்தினார்கள்.

"ஆரும் நிர்ப்பந்திக்கல்ல" என்றான் இஸ்ரவேல். "எனக்க சொந்த இஷ்டத்துக்குத்தான் பிள்ளையைக் கொண்டுவந்தேன்."

"சத்தமா."

அவன் மறுபடியும் சொன்னான். ஓமனா அதற்குள் கூடையை எடுத்துக்கொண்டு தொழுத்துக்குள் போய்விட்டாள்.